பேருந்து பின்னோக்கி ஓடுமா?

வடக்கில் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தொண்டைமானாறு என்றதும் நினைவில் வருவது பாலமோ கடலேரியோ அல்ல. அங்குள்ள வெளிக்கள நிலையத்தின் பரீட்சை வினாத்தாள்தான். பௌதிகவியல் தாளைக் கண்டாலே கலங்கும் தங்கைகளுக்காக ஒரு நேர்கோட்டு இயக்கக் கணக்கு. வினா என் கற்பனை.

தொண்டைமானாற்றுப் பாலத்தை நோக்கி மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு பேருந்து வருகிறது. பாதையில் மாடு நிற்பதைக் கண்டு சாரதி பிறேக் போடுகிறார். வேகம் ஒவ்வொரு செக்கனிலும் செக்கனுக்கு 5 மீற்றரால் குறைகிறது. பிறேக் போட்டு 5 செக்கன்களில் பேருந்து சென்ற தூரம் யாது?

முதலில் அலகை மாற்ற வேண்டும். 72ஐ 1000ஆல் பெருக்கி 3600ஆல் வகுத்தால் செக்கனுக்கு 20 மீற்றர். இனிப் பலரும் சமன்பாட்டில் பிரதியிடுவார்கள். தொடக்க வேகம் தர நேரம் 100. அமர்முடுகலின் பாதி தர நேரத்தின் வர்க்கம் 62.5. கழித்தால் 37.5 மீற்றர். பார்வைக்கு நல்ல விடைதான். ஆனால் 20இலிருந்து ஐந்தைந்தாகக் குறைந்தால் 4 செக்கனிலேயே பேருந்து நின்றுவிடுமே! சமன்பாட்டுக்கு அது தெரியாது. ஐந்தாவது செக்கனில் பேருந்தை 2.5 மீற்றர் பின்னோக்கி ஓட்டிவிடுகிறது.

அதனால்தான் நான் சமன்பாட்டுக்கு முன் வேக–நேர வரைபைக் கீறச் சொல்வேன். உயரம் 20, அடி 4 உள்ள முக்கோணம் வரும். அதன் பரப்பளவு 40. விடை 40 மீற்றர். இந்த முக்கோண யோசனை புதிதல்ல. 14ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சின் நிக்கோல் ஓரெம் இயக்கத்தை இப்படிப் பரப்பாக வரைந்து காட்டினார். படித்திறன் ஆர்முடுகலைத் தரும், பரப்பளவு இடப்பெயர்ச்சியைத் தரும். இந்த இரண்டும் பிடிபட்டால் சமன்பாடுகளை நாமே பெற்றுக்கொள்ளலாம்.

பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்லும் வாப்பாமாரும் இதே வரைபைப் பார்க்கலாம். வேகம் 36 கிலோமீற்றரானால் முக்கோணத்தின் உயரமும் பாதி, அடியும் பாதி. நிற்கத் தேவையான தூரம் 10 மீற்றர்தான். மாட்டைக் கண்டு பிறேக்கை அழுத்த அரைச் செக்கன் எடுத்தால், முக்கோணத்துக்கு முன்னால் ஒரு செவ்வகமும் சேரும். அப்போது 36இல் மொத்தம் 15 மீற்றர். 72இல் 50 மீற்றர்.