மக்குப் பிள்ளையா, காது மந்தமான பிள்ளையா?



"சொன்ன பேச்சு கேட்கமாட்டான்" என்று பிள்ளைகளைத் திட்டாத வீடு நம் தோட்டங்களில் இல்லை. பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் இரண்டு தடவை கூப்பிட்டும் பிள்ளை திரும்பிப் பார்க்காவிட்டால் கோபம் வரத்தான் செய்யும். பள்ளியிலும் அதே கதைதான். ஆசிரியர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறான். சொல்வதெழுதுதலில் பத்துக்கு இரண்டு. கடைசியில் 'மக்கு' என்று பெயர் வைத்து, கடைசி வரிசையில் உட்கார வைத்துவிடுகிறோம். சொன்ன பேச்சு முதலில் அவன் காதில் விழுந்ததா என்று நம்மில் எத்தனை பேர் யோசித்தோம்?

காது மந்தமான பிள்ளைகள் பலர் சாதாரணப் பள்ளியிலேயே மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க முடியும். அதற்குச் சட்டமும் இடம் கொடுக்கிறது. வைத்திய வசதியும் நம் நாட்டில் இருக்கிறது. ஆனால் பிள்ளைக்குக் காது மந்தம் என்பதே தெரியாமல் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. தெரிந்த பிறகும், வகுப்பில் ஓர் இடம் கொடுத்தால் போதும் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அது போதாது. ஏன் போதாது, என்ன செய்யலாம் என்பதைத்தான் இந்த முறை எழுதுகிறேன்.

பாதி கேட்கும் காது

காது கேளாமை என்றால் ஒன்றுமே கேட்காத நிலை என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றுமே கேட்காத பிள்ளைகள் குறைவு. பாதி கேட்டும் பாதி கேட்காமலும் இருக்கும் பிள்ளைகள்தான் அதிகம். இவர்கள்தான் நம் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறார்கள்.

"கதவைச் சாத்தினா திரும்பிப் பாக்குறான். லோரி சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடுறான். காது நல்லாத்தானே இருக்குது டிரெஸர் ஐயா?" என்று தாய்மார்கள் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். லோரியின் சத்தம் பலமான சத்தம். பேச்சு அப்படி அல்ல. சத்தத்தின் பலத்தை டெசிபல் என்ற கணக்கில் அளக்கிறார்கள். காதோடு ரகசியம் பேசுவது சுமார் 30 டெசிபல். பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபல். அந்தப் பேச்சுக்குள்ளும் 'ஆ', 'ஊ' போன்ற ஒலிகள் பலமாக விழும். 'ச', 'ஸ', 'த', 'க' போன்றவை மெல்லிசாக ஒலித்து மறைந்துவிடும். ஆகவே காது மந்தமான பிள்ளைக்கு யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது.

தெரியாத மிச்சத்தைப் பிள்ளை உதட்டைப் பார்த்து ஊகிக்கும். அதுவும் லேசான வேலை அல்ல. கண்ணாடி முன் நின்று 'பாடு', 'மாடு' என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் அசையும். மலாயில் 'மாத்தா' என்றால் கண், 'பாத்தா' என்றால் செங்கல். இரண்டுக்கும் உதட்டில் வித்தியாசமில்லை. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை முதலாம் ஆண்டிலேயே தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளைச் சுமக்கிறது. அதைப் பாதிக் காதோடு சுமப்பது எவ்வளவு பாடு! தகரக் கூரையில் மழை அடித்தால், காற்றாடி சத்தம் போட்டால், ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடி பேசினால், அந்த ஊகமும் போய்விடும். மத்தியானத்துக்குள் பிள்ளை களைத்துவிடும். அந்தக் களைப்பைத்தான் நாம் சோம்பேறித்தனம் என்கிறோம்.

எதனால் வருகிறது?

பிள்ளைகளின் காது கேளாமையில் ஏறக்குறைய 60 விழுக்காடு தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் தோட்டங்களில் கவனிக்க வேண்டியவை இவை:

சளி பிடித்த பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்குவது. வலி இருக்காது, சீழும் வராது. கேட்கும் சக்தி மட்டும் குறையும். பெரும்பாலும் மூன்று மாதத்திற்குள் தானாகவே வற்றிவிடும். வற்றாவிட்டால் வைத்தியர் பார்த்தே ஆகவேண்டும்.

காதில் சீழ் வடிவது. இரண்டு வாரத்திற்கு மேல் வடிந்தால் செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம். "வளர்ந்தா சரியாப் போயிடும்" என்று விட்டுவிடலாகாது.

கர்ப்பிணிக்கு ருபெல்லா அம்மை வருவது, பிறந்த குழந்தைக்குக் கடுமையான மஞ்சள் காமாலை, மூளையுறைக் காய்ச்சல், புட்டாளம்மை. இவை உள்காதையோ கேட்கும் நரம்பையோ கெடுக்கும். மூளையுறைக் காய்ச்சலிலிருந்து பிழைத்து வந்த பிள்ளைக்குக் காதுச் சோதனையைத் தள்ளிப் போடவே கூடாது. அம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்து எம்.எம்.ஆர். தடுப்பூசி இருக்கிறது. கிளினிக்கில் கொடுத்த தேதியைத் தவறவிடாதீர்கள்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு, தாய்ப்பால் எதையும் காதில் ஊற்றாதீர்கள். கோழி இறகு, ஊசி, தீக்குச்சி விட்டுக் குடையாதீர்கள். ஓட்டை விழுந்த காதில் எண்ணெய் போனால் சீழ் அதிகமாகும்.

வீட்டில் பார்க்கும் சோதனை

நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையானால் இப்படிச் செய்யலாம். ஒரு கை தூரத்தில் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நில்லுங்கள். ஒரு காதை விரலால் மெதுவாக மூடச் சொல்லுங்கள். ரகசியக் குரலில் மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள்: நாற்காலி, பூனை, செருப்பு. பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். தவறினால் வேறு மூன்று சொல்லிப் பாருங்கள். ஆறில் மூன்றுகூடச் சரியாக வராவிட்டால் மருந்தகத்திற்கு அழைத்து வாருங்கள். பிறகு அடுத்த காது. எல்லாம் சரியாகச் சொல்லியும் பேச்சுத் தெளிவில்லை, டிவியை அதிகச் சத்தத்தில் வைக்கிறான், அடிக்கடி "ஆ? என்னா?" என்கிறான் என்றால், அப்போதும் அழைத்து வாருங்கள்.

சின்னக் குழந்தைக்கு இந்தச் சோதனை ஆகாது. ஆனால் குழந்தை தூங்கும்போதே காதைச் சோதிக்கும் கருவிகள் ஆஸ்பத்திரியில் இருக்கின்றன. ஒரு மாதத்திற்குள் முதல் சோதனை, மூன்று மாதத்திற்குள் நிச்சயம், ஆறு மாதத்திற்குள் சிகிச்சை தொடக்கம். இதுதான் வைத்தியர்கள் வைத்திருக்கும் கணக்கு. மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் காலம் அந்த முதல் சில ஆண்டுகள்தான். ஆயாக் கொட்டகையில் இருக்கும்போதே கண்டுபிடித்த பிள்ளைக்கும், மூன்றாம் ஆண்டில் கண்டுபிடித்த பிள்ளைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மருந்தகத்திலிருந்தோ அரசாங்கக் கிளினிக்கிலிருந்தோ கடிதம் வாங்கிக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் தாள் ஒன்று கொடுப்பார்கள். அதற்கு ஆடியோகிராம் என்று பெயர். அதன் நகல் ஒன்று பள்ளிக்குப் போக வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் "மெதுவாகப் படிக்கும் பிள்ளை" என்று யாரும் முத்திரை குத்த இடம் கொடுக்காதீர்கள். காது மந்தம் வேறு, புத்தி மந்தம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கித் தவறான வகுப்பில் போட்டால் பிள்ளையின் வாழ்க்கையே திசை மாறிவிடும்.

எந்தப் பள்ளி?

காது கேளாத பிள்ளைகளுக்கென்று பினாங்கில் 1954-இல் தனிப்பள்ளி தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் காது கேளாதவர் என்றால் தனிப்பள்ளி, இல்லையென்றால் வீடு. இன்று அப்படி இல்லை. 2008-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, உடற்குறையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் பொதுக் கல்வியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்கிறது. 2019 முதல் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு நடைமுறைக்குக் கொண்டு வந்தது. ஆகவே "இந்தப் பிள்ளைக்கு இங்கே இடமில்லை" என்று வாய்ப்பேச்சாகச் சொன்னால் அதோடு வீடு திரும்பிவிடாதீர்கள். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்.

வழி மூன்று. ஒன்று, தனிப்பள்ளி. இரண்டு, சாதாரணப் பள்ளிக்குள்ளேயே தனி வகுப்பு; சில தமிழ்ப்பள்ளிகளிலும் சிறப்புக் கல்வி வகுப்புகள் உண்டு. மூன்று, மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் ஒரே பாடம் படிப்பது. காது மிஷின் போட்டால் பேச்சுக் கேட்கும் என்ற நிலையிலுள்ள பிள்ளைக்கு மூன்றாவது வழி நல்லது. வீட்டில் பேசும் மொழியிலேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு வளரும். மிஷினும் பயன்படாத அளவுக்குக் கேளாமை இருந்தால், உள்காதில் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை பற்றிச் சின்ன வயதிலேயே வைத்தியரிடம் கேட்க வேண்டும். சைகை மொழி கற்பிக்கும் பள்ளிக்குப் போவதிலும் ஒரு கேவலமுமில்லை. மலேசிய சைகை மொழி ஒரு முழு மொழி. பிள்ளைக்கு ஏதாவது ஒரு மொழி முழுதாகக் கிடைக்க வேண்டும். அரைகுறையாக மூன்று மொழி கேட்டு எதுவும் தேறாமல் நிற்பதுதான் ஆபத்து.

வகுப்பில் கேட்க வேண்டியவை

சாதாரண வகுப்பில் சேர்த்த பிறகு ஆசிரியரிடம் பணிவாக, ஆனால் தெளிவாகக் கேளுங்கள். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை.

பிள்ளை முன் வரிசைகளில் உட்கார வேண்டும். நன்றாகக் கேட்கும் காது ஆசிரியர் பக்கம் இருக்க வேண்டும். காற்றாடிக்கும் வாசலுக்கும் தள்ளி இருப்பது நல்லது. ஆசிரியர் சன்னலுக்கு முன்னால் நின்றால் முகம் நிழலாகிவிடும், உதடு தெரியாது. கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்பிய பிறகு பேசட்டும். பின்வரிசைப் பிள்ளை கேட்ட கேள்வியை ஆசிரியர் ஒருமுறை திருப்பிச் சொல்லட்டும். வீட்டுப்பாடத்தையும் சோதனைத் தேதியையும் பலகையில் எழுதிப் போடட்டும். "புரியுதா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும், "நான் என்ன சொன்னேன், சொல்லு" என்று கேட்பதே சரி. சொல்வதெழுதுதலில் சொல்லைத் தனியாகச் சொல்லாமல் வாக்கியத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். ஆசிரியரின் சட்டையில் குத்தும் ஒலிவாங்கியிலிருந்து நேரே காது மிஷினுக்குக் குரலை அனுப்பும் கருவியும் இருக்கிறது. பிள்ளைக்கு அது உதவுமா என்று காதுச் சோதனை செய்பவரிடம் விசாரியுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது மிஷினைப் பராமரிப்பது. நம் நாட்டு வியர்வையும் ஈரமும் அதற்கு எதிரி. இரவில் கழற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். காதுக்குள் செருகும் அச்சு பிள்ளை வளர வளரச் சிறியதாகிவிடும். விசில் சத்தம் வந்தால் மாற்ற வேண்டும் என்று அர்த்தம். தினமும் காலையில் பேட்டரியைப் பாருங்கள். அந்தப் பொத்தான் பேட்டரியைக் குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடுங்கள்.

சங்கம் செய்யக்கூடியது

மிஷின் விலை தொழிலாளி வீட்டுக்குத் தாங்காது என்பது தெரிந்ததே. சமூக நல இலாகாவில் பிள்ளையை மாற்றுத் திறனாளியாகப் பதிந்து அட்டை வாங்கினால், உதவிக் கருவிக்கு விண்ணப்பம் செய்யலாம். சிறப்புக் கல்வி மாணவர்களுக்குக் கல்வி அமைச்சு வழங்கும் மாத உதவித்தொகை பற்றிப் பள்ளியில் கேளுங்கள். "அட்டை வாங்கினா ஊருக்கே தெரிஞ்சிடும், நாளைக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்று தயங்கும் பெற்றோர் இருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாமல் வளர்ந்தால் மட்டும் ஊருக்குத் தெரியாதா?

இன்னொரு தடை நாள் சம்பளம். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய் வந்தால் ஒரு நாள் வேலை போகும். காதுச் சோதனை ஒரு தடவையோடு முடிவதில்லை. இதனால்தான் பாதியில் நின்றுவிடுகிறார்கள். கிளைச் செயலாளர்கள் இதைக் கையில் எடுக்கலாம். தோட்டத்தில் இப்படி எத்தனை பிள்ளைகள் என்று பார்த்து, ஒரே நாளில் தேதி வாங்கி, ஒரே வண்டிக்கு நிர்வாகத்திடம் பேசலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் இதைப் பேசலாம். வீட்டுக்கு வீடு தனியாக அலைவதைவிட, சேர்ந்து போனால் பாதிப் பாரம் குறையும்.

பிள்ளையை மருந்தகத்திற்கு அழைத்து வரும்போது பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் புத்தகம் இரண்டோடும் பள்ளியின் சொல்வதெழுதுதல் நோட்டையும் எடுத்து வாருங்கள். எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல்லை எழுதியிருக்கிறான் என்று பார்ப்போம். 'மாடு' என்ற இடத்தில் 'பாடு' என்று எழுதியிருந்தால், அவன் எழுத்தில் குற்றமில்லை. காதை உடனே பார்க்க வேண்டும்.