வாடகைக் காரில் வாயில்லா ஜீவன்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் நெடுஞ்சாலையில் அரியாங்குப்பத்தையும் நோணாங்குப்பத்துப் படகுக் குழாமையும் கடந்து தவளக்குப்பம் சந்திப்பை அடையும் பிரயாணி, மேற்கே திரும்பினால் சிங்கிரிகுடி நரசிம்மர் சந்நிதிக்கும், கிழக்கே திரும்பினால் நல்லவாடு கடற்கரைக்கும் போய்ச் சேரலாம். விடுமுறை நாட்களில் இந்தச் சந்திப்பைக் கடக்கும் வாடகைக் கார்களில் குழந்தை குட்டிகளோடு வீட்டு நாயும் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவது இப்பொழுது சகஜமாகிவிட்டது. அடைத்து வைத்த வீட்டில் தனியே விட்டுவராமல் அந்தப் பிராணியையும் குடும்பத்தில் ஒன்றாக எண்ணி அழைத்துவருவது மெச்சத்தக்க காரியந்தான். ஆனால் ஏறிவந்த வண்டி நம்முடையதன்று என்ற நினைவு, இறங்கும்வரை நம்மை விட்டு நீங்கலாகாது.

வண்டி கடனில் வாங்கியதாக இருக்கும். மாதத் தவணை அதன் ஓட்டத்தைக் கொண்டே கட்டப்படுகிறது. நாம் மாலையில் இறங்கியபின், மறுநாள் விடியற்காலையில் அதே சீட்டில் ஒரு கைக்குழந்தையோ, மூச்சிரைப்பு உள்ள பெரியவரோ உட்காரக்கூடும். பிராணியின் கறையைப் போக்க வாட்டர் சர்வீஸுக்கு விட்ட கார், நனைந்த சீட்டும் கால்மிதியும் உலரும்வரை சவாரிக்குப் போக முடியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது எளிதில் உலர்வதும் இல்லை. ஆகவே நம் அஜாக்கிரதையால் ஓட்டுநருக்கு நேர்வது துடைக்கும் சிரமம் மாத்திரமன்று, ஒரு நாள் ஜீவனமுமாகும்.

பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில், ஆள் பின்னாலிருந்து தள்ள, அமர்ந்திருப்பவர் முன்னாலுள்ள பிடியைத் திருப்பி வழிநடத்தும் புஷ்-புஷ் வண்டிகள் வாடகைக்கு ஓடின. அவை காற்றோட்டமானவை, எந்த வாசனையும் அவற்றில் தங்க வழியில்லை. இன்றைய காரோ கண்ணாடி ஏற்றி, ஏ.சி. போட்டு, உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும் மூடிய பெட்டி. நாய் பூனைகளின் எச்சிலிலும் தோல் பொடியிலும் உள்ள சில புரதங்கள் மிக நுண்ணியவை. துணிச் சீட்டிலும் ஏ.சி. வடிகட்டியிலும் ஒட்டிக்கொண்டு, பிராணி இறங்கிப் போன பிறகும் பல வாரங்கள் தங்கியிருந்து ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலை உண்டாக்க வல்லவை. எனவே, நாய் உள்ளே இருக்கையில் வெளிக்காற்று வரும்படி ஏ.சி. விசையை மாற்றி வைப்பதும், பிரயாணம் முடிந்தபின் கதவுகளையெல்லாம் சற்று நேரம் திறந்து வைப்பதும் செலவில்லாத உபாயங்கள்.

வண்டி பேசும்போதே விஷயத்தைச் சொல்லிவிடுவதுதான் யோக்கியமான முறை. “அண்ணே, கூட ஒரு நாயும் வரும், சீட்டுக்கு விரிப்பு நாங்களே கொண்டுவர்றோம்” என்று முன்கூட்டியே சொன்னால், சம்மதிக்கிறவர் மனமொப்பிச் சம்மதிப்பார், சம்மதியாதவரை நாம் சங்கடத்துக்கு உள்ளாக்க வேண்டியதில்லை. நாமே ஓட்டிச் செல்லும் கார் என்றால், கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துள்ள வண்டிதான் அதற்கென்று அனுமதி பெற்றது. அதன் ஒப்பந்தத்தில் பிராணிகளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கையெழுத்திடுமுன் படித்துவிட வேண்டும்.

காரின் சுத்தம் கார் வந்து நிற்பதற்கு முன்பே தொடங்குகிறது என்பது என் திடமான அபிப்பிராயம். 1960-ம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1978-ல் ஏற்பட்ட விலங்குகள் போக்குவரத்து விதிகள், நாயும் பூனையும் கால்நடை மருத்துவரின் ஆரோக்கியச் சான்றுடன் பிரயாணம் செய்ய வேண்டும் என்றும், நெடும்பயணமானால் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரமாவது முன்பே அவற்றுக்குத் தீனியும் தண்ணீரும் கொடுத்துவிட வேண்டும் என்றும், கிளம்பும் சமயம்வரை நடக்கவிட்டு ஏற்ற வேண்டும் என்றும், வழியில் கோடையில் நான்கு மணிக்கொரு தரமும் குளிர்காலத்தில் ஆறு மணிக்கொரு தரமும் தண்ணீர் தர வேண்டும் என்றும் கூறுகின்றன. பிராணியின் நலத்துக்காக எழுதப்பட்ட இவ்விதிகள் சீட்டின் நலத்தையும் சேர்த்தே காப்பாற்றுகின்றன. வயிறு நிறையத் தின்றவுடன் ஏறிய நாய் வாந்தி எடுக்கும். நடக்கவிடாமல் ஏற்றிய நாய் வண்டியிலேயே சிறுநீர் கழிக்கும். எச்சில் ஒழுகுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, அடிக்கடி கொட்டாவி விடுவது ஆகியவை குமட்டலின் முன்னறிகுறிகள். அவற்றைக் கண்டதும் ஓரமாக நிறுத்தி இறக்கிவிட்டால் பெரும்பாலும் விபரீதம் தப்பும். வழக்கமாக வாந்தி எடுக்கும் பிராணிக்கு மருந்து உண்டு. புதுச்சேரியில் இருப்பவர்கள் குரும்பாப்பட்டிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியைப் போன்ற இடத்தில் கேட்டு வாங்கலாமேயன்றி, மனிதருக்கான மாத்திரையைக் கைக்கு வந்த அளவில் கொடுத்துவிடக் கூடாது.

விரிப்பில் இரண்டு அடுக்கு அவசியம். அடியில், நோயாளிகளின் படுக்கைக்காக மருந்துக்கடைகளில் கிடைக்கும் ரப்பர் ஷீட். அதன்மேல் ஒரு பழைய பருத்திப் போர்வை. பருத்தி மட்டும் இருந்தால் ஈரம் ஊறிப் பஞ்சுக்குள் இறங்கிவிடும். ரப்பர் மட்டும் இருந்தால் திருப்பங்களில் நாய்க்குக் கால் வழுக்கி, நகத்தால் சீட்டைப் பிறாண்டும். போர்வையின் நான்கு முனைகளையும் முன் சீட்டின் தலைசாய்ப்பிலும் பின் சீட்டின் தலைசாய்ப்பிலும் தூளியாகக் கட்டிவிட்டால், கால்வைக்கும் பள்ளமும் மூடப்படும். முடியும் மணலும் அதற்குள்ளேயே தேங்கும். பூனைக்கு இந்த ஏற்பாடு போதாது. பயந்த பூனை எங்கே நுழையும் என்று சொல்ல முடியாது. திரும்பிப் படுக்க இடமுள்ள கூண்டில், துண்டு விரித்து, மேலே மெல்லிய துணி போர்த்திக் கொண்டுவருவதே அதற்கும் நமக்கும் சௌகரியம்.

நல்லவாட்டிலோ சுண்ணாம்பாற்று முகத்துவாரத்திலோ அலையில் துள்ளிவிட்டுத் திரும்பும் நாயை அப்படியே காரில் ஏற்றுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிசகு. அதன் பாதத்தைக் கையிலெடுத்து விரல்களை விரித்துப் பாருங்கள்: மெத்தென்ற கறுப்புத் திண்டுகளுக்கு இடையில் உள்ள முடியில் ஈரமணல் அப்பியிருக்கும், வெளிப்புறம் துடைத்ததால் அது போகாது. குடத்துத் தண்ணீரில் ஒவ்வொரு பாதமாக அமிழ்த்தி, விரலிடுக்கில் கட்டைவிரலால் நீவிக் கழுவ வேண்டும். பிறகு வயிறு, வால், காதுமடல் ஆகியவற்றை நல்ல தண்ணீரால் அலசித் துவட்ட வேண்டும். ஏனெனில் கடல்நீர் உலர்ந்தாலும் உப்பு உலர்வதில்லை. அது காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு துணியை எப்பொழுதும் பிசுபிசுப்பாக வைத்திருக்கும். சீட்டின் அடியிலுள்ள இரும்புத் தண்டவாளத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். மணலோ பெல்ட் பூட்டின் துளையில் இறங்கி அதைச் சிக்கவைக்கும். நாயின் தோலுக்கும் அந்த உப்பு அரிப்பைத் தருவது. முழுக்க உலரும்வரை நிழலில் உலாவவிட்டு ஏற்றுவதற்கு அரைமணி செலவாகலாம். கடற்காற்றில் அந்த அரைமணி ஒரு பாரமன்று.

முடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முந்தின நாளே நன்றாகச் சீவிவிட்டால் பாதி முடி வீட்டிலேயே போய்விடும். லாப்ரடார் போன்ற இரட்டை ரோமப் போர்வையுள்ள ஜாதிகள் அதிகமாக உதிர்க்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களின் முடி குறைவு, எனினும் குட்டையான அந்த முடி துணியின் நெசவுக்குள் குத்தி நிற்கும். ஈரமாக்கிய ரப்பர் கையுறையால் ஒரே திசையில் வழித்தால் முடி திரண்டு உருண்டு வந்துவிடும்.

சிறுநீர் விஷயத்தில்தான் நம்மவர்கள் நல்லெண்ணத்தோடு தீங்கு செய்துவிடுகிறார்கள். நாற்றம் என்றதும் கை பினாயிலைத் தேடுகிறது. பீனால் வகை மருந்துகளை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு; பினாயில் பட்டு ஈரமான சீட்டில் உட்கார்ந்து பாதத்தை நக்கினாலே அதற்கு விஷமாகும். வாசனைக்கென்று டிக்கியில் போட்டு வைக்கும் பாச்சா உருண்டை நாய்க்கும் ஆபத்தானது. பிளீச்சிங் பவுடரைச் சிறுநீரின்மேல் போட்டால் மூடிய காருக்குள் மூச்சை அடைக்கும் நச்சுவாயு எழும். வெந்நீர் ஊற்றினால் கறையிலுள்ள புரதம் நாரோடு இறுகிவிடும். செய்ய வேண்டியது இவ்வளவே: காலதாமதமின்றிப் பழந்துணியை வைத்து அழுத்தி ஒற்றியெடுக்க வேண்டும், தேய்க்கலாகாது, குளிர்ந்த நீர் தெளித்து மறுபடி ஒற்ற வேண்டும், பிராணிப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் என்சைம் (நொதி) திரவத்தைக் கறை ஊறிய ஆழம்வரை ஊறவிட வேண்டும். நொதிகள் நாற்றத்தின் மூலப்பொருளையே சிதைப்பவை. அத்தரோ அந்த நாற்றத்தை மூடி மறைப்பது. ரெக்சின் உறை போட்ட சீட்டானால் மேற்பரப்பு எளிதில் சுத்தமாகும், தையலிடுக்குகளை மாத்திரம் கவனித்தால் போதும். நன்கு உலர்ந்தபின் ஆப்ப சோடாவைத் தூவிச் சில மணி நேரம் வைத்து வாக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிடலாம்.

உண்ணியை மறக்கலாகாது. நாயிலிருந்து உதிரும் பெண் உண்ணி இடுக்குகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வண்டியில் தங்கிய உண்ணி கடித்தால், அடுத்து ஏறும் நாய்க்கு எர்லிக்கியா போன்ற கிருமிகளால் காய்ச்சல் வரலாம். நம் நாய்க்கு உண்ணி மருந்து தவறாமல் போட்டு வருவது முன்பின் அறியாத ஒருவருடைய நாய்க்கும் செய்யும் உபகாரம்.

வண்டியை விட்டு இறங்கும்போது போர்வையை உள்முகமாக மடித்து எடுத்து, வெளியில் உதறிவிட்டு, சீட்டின் இடுக்குகளில் ஒருமுறை கைவிட்டுப் பார்த்துவிட வேண்டும். கறை ஏதேனும் பட்டிருந்தால் ஓட்டுநரை அருகே அழைத்து, இன்ன இடத்தில் இது பட்டது, இன்னது போட்டு ஒற்றியெடுத்தோம் என்று காட்டி, வாட்டர் சர்வீஸுக்கான தொகையையும் கையில் கொடுத்துவிட வேண்டும். இல்லையேல் அவர் இரவில் அதைக் கண்டு, தெரியாமல் பினாயிலையோ வெந்நீரையோ ஊற்றிவிடுவார்.