வீட்டு மரங்களுக்குக் கவாத்து

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பது நம்மவர் ஆறுதலாகச் சொல்லும் பழமொழி. தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம், கூரைக்கு மேலும் மின்கம்பிக்கு மேலும் கிளை பரப்பி நிற்கும் நாளில், அதனைக் கழித்து ஒழுங்கு செய்வதும் வைத்தவன் கடமையேயாகும். இச்செயலுக்குக் கவாத்து என்று பெயர். படைவீரர்தம் பயிற்சிக்கும் இதே சொல் வழங்குகிறது. ஒழுங்கு என்னும் கருத்து இரண்டிற்கும் பொதுவாதலின், சொல் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது.

மைசூரில் வந்து குடியேறிய தமிழர் பலருக்கு மரத்தைப் பற்றிய கவலை இரண்டு இடங்களில் உண்டு. சரசுவதிபுரத்திலோ குவெம்பு நகரிலோ தாம் கட்டிய வீட்டின் முன் ஒரு மாமரமும் இரண்டு தென்னையும் நிற்கும். கடலூர், நாகப்பட்டினம், வேதாரணியம் முதலிய கரையோர ஊர்களில், வயது முதிர்ந்த பெற்றோர் வாழும் பழைய வீட்டைச் சுற்றி வேம்பும் புளியும் தென்னையும் நிற்கும். இங்கே ஏறத்தாழ 2,500 அடி உயரத்தில் உள்ள மேட்டு நிலத்தில், சித்திரை வைகாசி மாதங்களின் மாலை வேளைகளில் இடியும் சூறைக்காற்றும் திடீரென எழுகின்றன. அங்கே ஐப்பசி முதல் மார்கழி வரை புயற்காலம். ஆகவே இரண்டு வீட்டு மரங்களையும் பற்றி நாம் சிறிது அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

கரையோரத்தில் அண்மைக் காலத்தில் நிகழ்ந்தவற்றை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த 'தானே' புயல், பண்ருட்டிப் பகுதியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2016 டிசம்பர் 12ஆம் நாள் 'வர்தா' புயல் சென்னைத் தெருக்களில் ஆயிரக்கணக்கான மரங்களை வீழ்த்தியது. 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் வேதாரணியத்தை ஒட்டிக் கரையேறிய 'கஜா' புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களின் தென்னந்தோப்புகள் பாழாயின. தலைமுறை தலைமுறையாகச் சோறிட்ட மரங்கள் ஒரே இரவில் தரையில் கிடந்தன.

காற்றின் வேகம் இருமடங்கானால் மரத்தின்மேல் அது செலுத்தும் விசை நான்கு மடங்காகிறது. அவ்விசையைத் தாங்குவன வேரும் அடிமரமுமே. நகரங்களிலோ சாக்கடைக்கும் கம்பிவடத்திற்கும் பள்ளம் தோண்டி ஒருபுறத்து வேரை அறுத்துவிடுகிறோம். மற்றொருபுறம் அடிமரத்தை நெருக்கிச் சிமிட்டி பூசிவிடுகிறோம். இவ்வாறு நலிந்த மரத்தைக் கவாத்து ஒன்றினால் காத்துவிட முடியாது. ஆதலால் அடிமரத்தைச் சுற்றி மூன்று நான்கு அடியாவது திறந்த மண் விட்டு வைத்தல் முதற்கடமை.

இனி, பலர் செய்யும் பெருந்தவறு ஒன்றைக் கூறவேண்டும். புயல் வரும் என்ற அச்சத்தால் மரத்தின் தலையை முழுவதும் வெட்டி மொட்டையாக்கிவிடுகிறார்கள். இதனால் மரம் பாதுகாப்பு அடைந்தது என்று எண்ணுகிறார்கள். நிகழ்வதோ வேறு. இலையனைத்தையும் இழந்த மரம், உயிர் பிழைக்கும் பொருட்டு, வெட்டுண்ட முனைகளிலிருந்து கற்றை கற்றையாகப் புதுக்கொம்புகளை விரைந்து விடுகிறது. அக்கொம்புகள் மரத்தின் உள்வைரத்தில் வேரூன்றியவை அல்ல. புறப்பட்டையை அடுத்து மேலோட்டமாக ஒட்டியிருப்பவை. அவற்றின் அடியில் வெட்டுமுனை மழைநீரை உண்டு உளுத்துக்கொண்டே வரும். மூன்று நான்கு ஆண்டுகளில் அக்கொம்புகள் பருத்துக் கனத்தபின் ஒரு காற்றில் முறிந்து விழும். எனவே மொட்டையடித்த மரம் முன்னையினும் ஆபத்தானது. முருங்கையை ஒடித்து வளர்க்கவேண்டும் என்பார்கள். அது முருங்கைக்குப் பொருந்தும். மாவுக்கும் வேம்புக்கும் தூங்குமூஞ்சி மரத்திற்கும் அதனை விதியாகக் கொள்ளலாகாது.

மரத்தின் காயம் நம் உடலின் காயம்போல் ஆறுவதன்று. இதனைத் தெளிவாக்கியவர் அமெரிக்க நாட்டு வனத்துறையில் பணிபுரிந்த அலெக்ஸ் ஷைகோ என்னும் அறிஞர். அவர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து ஆராய்ந்தார். கெட்டுப்போன பகுதியை மரம் புதுப்பிப்பதில்லை என்றும், அதைச் சுற்றி உள்ளேயே சுவர்போல் தடுப்பு எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துவிடுகிறது என்றும் 1970களில் விளக்கினார். கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் சற்றுத் தடித்த வளையம் ஒன்று காணப்படும். அதனைக் கிளையின் கழுத்து எனலாம். தடுப்புச் சுவர் எழுப்பும் ஆற்றல் அக்கழுத்தில் மிகுதி. கிளையை அடிமரத்தோடு ஒட்ட மழித்தாற்போல் வெட்டினால் கழுத்து அழிந்துபோகும். ஒரு சாண் முளையை விட்டு வெட்டினாலோ அம்முளை பட்டுப்போய் அழுகல் உள்ளே நுழைய வழியாகும். கழுத்தை அடுத்து, அதற்குப் புறத்தே வெட்டுவதே முறை. வெட்டுவாயில் தாரோ வண்ணமோ பூசுவதால் அழுகல் நிற்பதில்லை என்பதும் அவர் ஆராய்ச்சியின் முடிவாகும்.

கனமான கிளையை வெட்டும்போது மூன்று வெட்டுகள் வேண்டும். முதல் வெட்டு, அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் அடிப்புறத்திலிருந்து மேல்நோக்கிக் கால்பங்கு ஆழத்திற்கு அமையவேண்டும். இரண்டாம் வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து கீழ்நோக்கி. அப்போது கிளை தன் கனத்தால் முறிந்து கீழே விழும். முதல் வெட்டு இருப்பதால் பட்டை அடிமரம் வரை உரிந்து வராது. மூன்றாம் வெட்டு, எஞ்சிய முளையைக் கழுத்தின் விளிம்பில் நீக்குவது. இதற்குக் கைரம்பமே ஏற்ற கருவி. அரிவாளால் பலமுறை கொத்திய வாய் பிளவுபட்டு நிற்கும்.

எவற்றை வெட்டுவது? முதலில் பட்டுப்போன கிளைகள், அடுத்து நோயுற்றவை, பின்னர் ஒன்றோடொன்று உராய்பவை, இறுதியாகக் கூரையை நெருங்குபவை. ஒரே முறையில் தழையின் கால்பங்குக்கு மேல் நீக்கலாகாது. உள்கிளைகளை எல்லாம் வழித்தெடுத்து நுனியில் மட்டும் தழையை விட்டுவைப்பதும் தவறு. நுனி கனத்த கிளை காற்றில் மிகுதியாக ஆடி முறியும். மைசூரில் தை, மாசி மாதங்களும், கரையோரத்தில் ஆடி, ஆவணி மாதங்களும் இதற்குத் தகுந்தவை. மாமரத்தைக் காய் பறித்த பின்னர்க் கவனித்தல் நலம்.

தென்னையின் இயல்பு வேறு. அதற்குக் கிளையில்லை, குருத்து ஒன்றே. தண்டில் பட்ட காயத்தைப் புதுப்பட்டை வளர்ந்து மூடுவதும் இல்லை. ஏறுவதற்குப் படியாகக் கொத்திய வடு மரத்தின் வாழ்நாள் முழுவதும் நிற்கும். பச்சை மட்டைகளே மரத்திற்கு உணவு ஆக்குவன. ஆகவே அழகுக்காக அவற்றைக் கழித்தல் கூடாது. காய்ந்த மட்டை, பன்னாடை, முற்றிய குலை இவற்றைப் புயற்காலத்திற்கு முன் இறக்கிவிடவேண்டும். பச்சை மட்டையை வெட்டியே தீரவேண்டுமாயின், தண்டிலிருந்து நான்கடி நீளம் விட்டு வெட்டுமாறு வேளாண்மைத் துறையினர் அறிவுறுத்துகின்றனர். வெட்டுவாயின் மணம் சிவப்புக் கூன்வண்டை அழைப்பதே காரணம். மட்டைக் காம்பின் வழியே நுழையும் புழு நான்கடி தூரத்தைக் கடந்து தண்டை அடைவது அரிது.

மரத்தின்மேல் ஏறும் மனிதரைப் பற்றியும் எண்ணவேண்டும். கிளை தவறினால் நமக்கு ஓடு உடையும். அவருக்கு முதுகெலும்பு முறியும். ஒரு குடும்பம் உழைப்பாளியை இழக்கும். ஆதலால் கயிறும் இடுப்புவாரும் தலைக்கவசமும் இன்றி ஏற விடலாகாது. மழை பெய்து பட்டை வழுக்கும் நாளில் எவரையும் ஏற்றலாகாது. வெட்டிய விறகையே கூலியாகக் கொள்வதாகச் சிலர் பேசுவர். விறகு கூலியானால் வேண்டாத கிளையோடு வேண்டிய கிளையும் வெட்டுப்படும். வேலைக்குக் கூலியைப் பணமாகப் பேசி, வெட்டவேண்டிய கிளைகளுக்குச் சுண்ணாம்பால் அடையாளமிட்டு, கிளை எப்பக்கம் விழும் என்பதை முன்னரே கேட்டறிதல் நன்று. மைசூரில் இப்பேச்சு கன்னடத்தில் நடக்கும். கன்னடத்தில் கிளையை 'கொம்பெ' என்பர். நம் கொம்பே அது. தென்னை ஏறுவோருக்குத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் ஏறுகருவிப் பயிற்சி அளித்து வந்திருக்கிறது. அவ்வாறு பயின்றவரைத் தேடி அமர்த்துதல் இருவருக்கும் நன்மை.

சட்டத்தையும் ஒரு சொல்லாற் குறிப்பிடவேண்டும். கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் 1976ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. மொழிபெயர்ப்புத் தொழிலில் பழகியவர்கள், எச்சட்டத்திலும் சொற்களுக்கு விளக்கம் தரும் பிரிவையே முதலில் படிப்பார்கள். இச்சட்டத்தில் 'மரத்தை வீழ்த்துதல்' என்பது அடியோடு வெட்டுவதை மட்டும் குறிக்கவில்லை; கிளைகளைத் தறித்தல், தலையை வெட்டுதல், பட்டையைச் சுற்றிலும் உரித்தல், நஞ்சிடுதல் ஆகியவையும் அதனுள் அடங்கும். சொந்த மனையில் நிற்கும் மரமாயினும் மர அதிகாரியின் இசைவு வேண்டும். தென்னை, சவுக்கு முதலிய சில இனங்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே பெருங்கிளைகளில் கை வைக்குமுன் எழுத்து மூலம் விண்ணப்பித்தல் அறிவுடைமை. பட்டுப்போன மரம், உயிருக்கோ உடைமைக்கோ ஊறு விளைக்கும் நிலையிலுள்ள மரம் என்பதனை விண்ணப்பத்தில் தெளிவாகக் குறிப்பிடவேண்டும்.

மின்கம்பியைத் தொட்டு நிற்கும் கிளையை வீட்டாரோ கூலியாளோ தொடவே கூடாது. பச்சை மரம் மின்சாரத்தைக் கடத்தும். மின் வழங்கும் நிறுவனத்திற்குத் தெரிவித்து, மின்னோட்டம் நிறுத்தப்பட்ட பின்னரே வேலை தொடங்கவேண்டும். புயலில் மரம் விழுந்து கம்பி அறுந்து கிடக்குமாயின் அருகிற் செல்லலாகாது. மைசூரில் விழுந்த மரங்களை அகற்ற மாநகராட்சியின் 'அபய' மீட்புக் குழு உண்டு. அதற்குச் சொல்லியனுப்பிக் காத்திருத்தலே நலம்.

சொந்த ஊரில் பெற்றோர் தனித்திருக்கும் வீட்டுக்கு ஆடி மாதத்தில் ஒரு முறை சென்று, மரங்களை அண்ணாந்து பார்த்து வருவது பிள்ளைகளால் இயலாத காரியமன்று. செல்ல இயலாதவர்கள், பட்ட கிளை எது, கூரைமேல் சாய்ந்தது எது என்று கேட்டு, தகுந்த ஆளைக் கொண்டு கழிக்கச் செய்து, கூலியை அனுப்பிவைக்கலாம். அவ்வாறு செய்துவிட்டால், ஐப்பசி மழை இரவில் காற்று எழும்போது, மரத்தடியில் உறங்குவோரைப் பற்றி நாம் இங்கே விழித்திருந்து வருந்தவேண்டியதில்லை.