கண்டெடுத்த புதைபடிவத்தை விஞ்ஞானிகளே தேய்த்து அழிப்பது ஏன்?

சுமார் 43 கோடி ஆண்டுகள் பாறைக்குள் பத்திரமாக இருந்த ஓர் உயிரினம். நீளம் வெறும் 5 மில்லிமீட்டர். கையில் கிடைத்தால் என்ன செய்வோம்? கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவோம். பிரிட்டன் ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இயந்திரத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத் தூளாக்கிவிட்டார்கள். தவறுதலாக அல்ல, தெரிந்தேதான்!

அப்படித் தேய்த்ததால்தான் அதன் கண், செவுள், கால்கள், ஏன், ஆணுறுப்பு வரை நமக்குத் தெரியவந்தது. 2003-ல் ‘சயின்ஸ்’ இதழில் இந்த ஆய்வு வெளியானபோது, அதுவரை கிடைத்ததிலேயே மிகப் பழமையான ஆணுறுப்பு என்று உலகம் முழுக்கச் செய்தியானது. வைத்த பெயரும் சும்மா இல்லை. கொலிம்போசாத்தான் எக்பிளெக்டிகோஸ். கிரேக்க மொழியில் ‘பெரிய ஆணுறுப்பு கொண்ட வியப்பூட்டும் நீச்சல்காரன்’ என்று பொருள். விஞ்ஞானிகளுக்கும் குசும்பு உண்டுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நண்டு, இறால், தேள், பூச்சிகள் எல்லாம் கணுக்காலிகள். இவை செத்துப் புதையும்போது பெரும்பாலும் மிஞ்சுவது மேல் ஓடு மட்டும்தான். குடல், செவுள், மெல்லிய கால்கள் எல்லாம் சீக்கிரமே அழுகிப்போகும். ஓட்டை மட்டும் வைத்து அந்த உயிரினத்தின் வாழ்க்கையைச் சொல்வது, கழற்றிப் போட்ட சட்டையைப் பார்த்து ஆளைச் சொல்கிற மாதிரி. மேலே சொன்ன நீச்சல்காரன், இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான ஆஸ்ட்ரகாட் வகை. மட்டி மாதிரி இரண்டு ஓடுகளுக்குள் உடலை வைத்திருக்கும். அதன் ஓட்டை மட்டும் பார்த்திருந்தால் வேறு குடும்பத்தில் சேர்த்திருப்பார்கள். உள்ளுறுப்புகளைப் பார்த்தபோதுதான், இன்றும் கடலில் வாழும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது என்பது புரிந்தது.

எப்படித் தப்பியது?

இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டியிருக்கிறது ஹியர்ஃபோர்ட்ஷர். சைலூரியன் காலத்தில் அந்த இடம் கடலடி. எரிமலைச் சாம்பல் வந்து விழுந்து, அங்கிருந்த உயிரினங்களை அப்படியே மூடிவிட்டது. உடல் அழுகியது உண்மைதான். ஆனால் அது இருந்த வடிவம் சாம்பலில் அச்சாக நின்றது. அந்த வெற்றிடத்தில் கால்சைட் என்ற சுண்ணாம்புத் தாது நிரம்பியது. சுற்றிலும் கெட்டியாகி உருண்டைக் கல்லானது. ஆக, ‘மென்திசு பாதுகாக்கப்பட்டது’ என்றால் சதை கிடைத்தது என்று அர்த்தமில்லை. கிடைப்பது சதையின் வடிவம். ‘ஜுராசிக் பார்க்’ மாதிரி டி.என்.ஏ. எடுக்கலாமா என்று கேட்டால், வாய்ப்பே இல்லை.

இந்தக் கற்களை முதலில் கவனித்தவர் பாப் கிங் என்ற கனிமவியலாளர். 1996-ல் ‘நேச்சர்’ இதழில் இவை பற்றிய முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது. பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓர் உயிரினத்துக்கு அவர் நினைவாக ஆஃபகோலஸ் கிங்கி என்று பெயர் வைத்தார்கள்.

ஸ்கேன் செய்யக் கூடாதா?

எல்லோருக்கும் வரும் கேள்வி இது. இங்கேதான் சிக்கலே. எக்ஸ்ரே படத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம், அது சதையைவிட அடர்த்தியானது என்பதுதான். ஹியர்ஃபோர்ட்ஷர் கல்லில் உயிரினமும் கால்சைட், சுற்றியிருக்கும் கல்லிலும் பெரும்பங்கு கால்சைட். வித்தியாசமே தெரியாது.

அதனால் வேறு வழி பிடித்தார்கள். கல்லை சுமார் 20 மைக்ரான் தேய்ப்பது, அதாவது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. மேற்பரப்பைப் படம் எடுப்பது. மறுபடி தேய்ப்பது, மறுபடி படம். 5 மில்லிமீட்டரைத் தேய்த்து முடிக்க 250 படங்கள். எல்லாவற்றையும் கணினியில் அடுக்கினால் முப்பரிமாண உருவம் கிடைக்கும். சிடி ஸ்கேன் மாதிரியேதான். ஆனால் உள்ளே போன நோயாளி திரும்பி வர மாட்டார்.

ஒரு புதிய இனத்துக்குப் பெயர் வைத்தால், அதன் மூல மாதிரியை அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். நாளைக்கு யாருக்காவது சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம். இங்கே எடுத்துப் பார்க்கப் படங்கள் மட்டும்தான். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பக்கென்றுதான் இருந்தது. ஆனால் தேய்க்காமல் விட்டிருந்தால்? அலமாரியில் ஒரு கல் இருந்திருக்கும். அவ்வளவுதான்.

இப்போதைய நல்ல செய்தி, எல்லா இடத்திலும் இந்தக் கதி இல்லை என்பது. மொராக்கோவின் அட்லஸ் மலையில், 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ட்ரைலோபைட்டுகள் எரிமலைச் சாம்பலில் மூடிக் கிடைத்தன. ‘பொம்பெய்’ என்றே செல்லப்பெயர். அவற்றை எக்ஸ்ரே முறையிலேயே பார்க்க முடிந்தது. வாயை மூடியிருக்கும் சதைப்பற்றான உதடு, வாயருகே வளைந்த கால்களின் அடிப்பகுதி, குடல் எல்லாம் கல்லைத் தேய்க்காமலேயே தெரிந்தன. 2024-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. நியூயார்க் மாகாணத்தின் ரோம் ஊர் அருகே கிடைக்கும் கணுக்காலிகள் இன்னும் அதிர்ஷ்டசாலிகள். அவற்றின் உடல் பைரைட்டாக மாறிவிட்டதால் தங்க நிறத்தில் மின்னும், ஸ்கேனிலும் பளிச்சென்று தெரியும்.

ஹியர்ஃபோர்ட்ஷருக்கு அந்த வசதி இல்லை. அதன் விலை என்ன என்பது 2016-ல் தெரிந்தது. அக்விலோனிஃபர் ஸ்பினோசஸ் என்ற உயிரினம், நீளம் 1 சென்டிமீட்டருக்கும் குறைவு. உடலிலிருந்து நீளும் நூல்களின் முனையில் பத்துக் குட்டி உயிரினங்கள், பட்டம் மாதிரி. தாய் தன் குட்டிகளைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறது என்றது ஆய்வுக்குழு. ‘தி கைட் ரன்னர்’ நாவலை மனதில் வைத்துத்தான் பெயரே சூட்டினார்கள். ஆனால் அதே ஆண்டில் இன்னோர் ஆய்வாளர் கேட்டார்: இவை குட்டிகள்தானா? ஒட்டிக்கொண்டு ஓசிப் பயணம் செய்யும் வேறு உயிரினமாக ஏன் இருக்கக் கூடாது? குட்டிகள்தான் என்று குழுவும் பதில் எழுதியது.

இந்த இனத்தில் கிடைத்ததே ஒன்றே ஒன்றுதான். அதுவும் தேய்ந்து தூளாகிவிட்டது. இரண்டு தரப்பும் பார்த்து வாதாட வேண்டியது அதே படங்களைத்தான்.