'திரு' என்னும் அடைமொழியும் செருமானிய மொழிபெயர்ப்பும்

திருக்கழுக்குன்றம் என்னும் ஊர்ப்பெயரைச் செருமானியர் ஒருவருக்கு அவர்தம் மொழியில் விளக்கப் புகுந்தால், கழுகும் குன்றும் பின்னரே இடர் தரும். முதற்கண் நிற்கும் 'திரு'விலேயே நாம் தயங்கி நின்றுவிடுவோம்.

செல்வம், அழகு, மேன்மை, தெய்வத்தன்மை ஆகிய யாவும் இவ்வொரு சொல்லுள் அடங்கும். திருமகளில் அது செல்வம், திருமணத்தில் மங்கலம், திருவாளரில் வெறும் மரியாதை. ஆங்கிலத்தில் 'சேக்ரட்', 'ஹோலி' என இரு சொற்கள் உள. ஜி.யு. போப் 1886இல் தம் மொழிபெயர்ப்புக்குச் 'சேக்ரட் குறள்' எனப் பெயரிட்டார். செருமானியத்திலோ அவ்விரண்டுக்கும் பெரிதும் 'ஹைலிக்' என்னும் ஒரு சொல்லே வழங்குகிறது. போப்புக்கு முப்பதாண்டு முன்னரே, 1856இல், லைப்சிக் நகரில் குறளைச் செருமானியத்தில் வெளியிட்ட கார்ல் கிரவுல் அச்சொல்லை நூற்பெயரில் சேர்க்கவில்லை. 'திருவள்ளுவரின் குறள்' என்றே அமைத்தார். நூலின் திருவை விடுத்தவர், புலவர் பெயரிலுள்ள திருவைப் பெயர்க்காமல் ஒலிபெயர்த்தார். இது பொருத்தமான முடிவென்றே நாம் கருதுகிறோம். 'ஹைலிக்' என்பது கிறித்தவ மறைக்கும் புனிதர் பெயர்களுக்கும் முன்னிற்கும் சொல். அறநூலின் முன் அதனை வைப்பின் வேறு பொருள் தோன்றும்.

நம் சமுதாயத்தார் நாள்தோறும் வழங்கும் 'திருக்குர்ஆன்' என்னும் பெயரையும் ஈண்டு நோக்குவோம். அரபியில் அது 'அல்குர்ஆனுல் கரீம்'. வாகிஆ அத்தியாயத்தின் 77ஆம் வசனம் குர்ஆனுக்குத் தரும் அடைமொழியும் 'கரீம்' என்பதே. அச்சொல்லுக்குக் கண்ணியம், வண்மை என இரு பொருளும் உண்டு. ஃபிராங்க் பூபன்ஹைம், நதீம் இல்யாஸ் ஆகியோர் 2002இல் அளித்த செருமானிய மொழிபெயர்ப்பின் தலைப்பு, 'ஹைலிக்' என்பதை விடுத்து, உயர்பண்பைச் சுட்டும் 'ஏடல்' என்னும் சொல்லைக் கொண்டது. கண்ணியம் வந்துவிட்டது, வண்மை அத்துணைத் தெளிவாக வரவில்லை. மேன்மையையும் செல்வத்தையும் ஒருங்கே தாங்கும் நம் 'திரு', கரீமுக்கு அதனினும் நெருக்கமானது என்பது எம் துணிபு.

அஞ்சலுறையில் எழுதும் 'திரு.'வுக்கோ 'ஹெர்' என்பதே உரிய சொல். அங்கு 'ஹைலிக்' என எழுதினால், கடிதம் பெறுபவரை உயிருடனேயே புனிதராக்கிவிடுவோம்!

இனிக் கழுகு. தமிழில் பொதுவழக்காய் நிற்கும் இச்சொல்லைச் செருமானியர் 'ஆட்லர்', 'கையர்' எனப் பிரிப்பர். பிணந்தின்னும் இனமே 'கையர்'. வேதகிரியில் உச்சிவேளையில் அமுதுண்ண வந்து, இன்று வாராதொழிந்த பறவைகள் மஞ்சள்முகப் பாறுகள். அவற்றுக்குச் செருமானியம் இட்ட பெயர் 'ஷ்முட்ஸ்கையர்'. அதாவது அழுக்குக் கழுகு! புனிதத்தையும் அழுக்கையும் ஒரே பெயரில் எங்ஙனம் அடுக்குவது?

கிரவுல் புலவர் பெயருக்குச் செய்ததையே ஊர்ப்பெயருக்கும் செய்யலாம். 'திருக்கழுக்குன்றம்' என ஒலிபெயர்த்து, கழுகுகளின் புனிதக் குன்று என்னும் விளக்கத்தை அடியில் எழுதலாம். இங்கு 'ஹைலிக்' பொருந்தும். பறவைக்குக் 'கையர்' போதும், 'ஷ்முட்ஸ்' வேண்டா.