மீட்டரை மாத்தறதுக்கு முன்னாடி எர்த்தைப் பாருங்க!
பழைய காரில் பிரேக் மிதிச்சா இண்டிகேட்டர் மங்குதா? பெட்ரோல் முள்ளும் ஆடுதா? உடனே மீட்டரை மாத்தாதீங்க மக்களே! பின்பக்க விளக்குகளுக்கும் டேங்க் சென்சாருக்கும் ஒரே எர்த் இருந்தால், அந்த போல்ட்டில் பிடித்த துருதான் பெரும்பாலும் காரணம்.

நம்ம ஓம் விதிதான். 21 வாட் பிரேக் பல்ப் இரண்டும் சேர்ந்து சுமார் 3.5 ஆம்பியர் இழுக்கும். துருவில் 0.5 ஓம் தடை இருந்தாலே 1.75 வோல்ட் அங்கேயே காலி!

பிரேக்கை ஒருத்தர் மிதிக்கட்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையை விளக்கின் எர்த்திலும் வைங்க. 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிட்டு, போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்க.

ஃபியூஸ் அடிக்கடி போனால் எங்கேயோ ஷார்ட். 10 ஆம்பியர் இடத்தில் 20 மட்டும் போடாதீங்க. ஃபியூஸுக்குப் பதிலா வயர் எரியும்!