பூண்டும் புண்ணும்

எனக்குப் பத்து வயதிருக்கும். முழங்காலில் ஒரு சிராய்ப்பு. "பூண்டு கிருமியைக் கொல்லும்" என்று சொல்லி, என் பாட்டியார் நாலு பல்லைத் தட்டி, இரவெல்லாம் கட்டி வைத்தார். விடிந்து அவிழ்த்தபோது, தீச்சுட்டாற்போலக் கொப்புளங்கள் எழுந்திருந்தன. சிராய்ப்பு நாலு நாளில் ஆறிற்று; கொப்புளங்கள் ஆற மூன்று வாரமாயிற்று. அப்படியானால் பாட்டியார் சொன்னது பொய்யா? இரசாயனம் கற்ற பிறகே எனக்கு விடை கிடைத்தது.

முழுப் பூண்டுப் பல்லில் மணம் மிகுதியில்லை. நசுக்கினால்தான் நெடி மூக்கைத் துளைக்கிறது. ஏன்? பல்லின் உள்ளே அலியின் என்னும் கந்தகச் சேர்மமும், அலினேஸ் என்னும் நொதியும் தனித்தனியே அடைபட்டுள்ளன. நசுக்கும்போது தடுப்புகள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. உடனே அலிசின் பிறக்கிறது. 1944-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கவல்லிட்டோ, பெய்லி என்னும் இருவர் இதனைப் பிரித்தெடுத்து, பலவகைப் பாக்டீரியாக்களின் வளர்ச்சியை இது தடுப்பதைக் காட்டினர். ஆகவே, பாட்டியார் சொன்னது பொய்யன்று.

ஆனால் அலிசின் கிருமியை எவ்வாறு தாக்குகிறது? கிருமியின் நொதிகளிலுள்ள கந்தகத் தொகுதிகளைப் பற்றிக்கொண்டு, அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. அத்தகைய தொகுதிகள் நம் தோலின் புரதங்களிலும் உண்டு. பகை எது, உறவு எது என்று அலிசின் அறியாது. கிருமியைக் கொல்லும் அதே குணந்தான் என் முழங்காலையும் சுட்டது!

பெனிசிலினோ வேறு வகை. பாக்டீரியா தன்னைச் சுற்றி எழுப்பும் சுவரை அது கட்டவொட்டாமல் தடுக்கிறது. நம் உயிரணுக்களுக்கு அத்தகைய சுவரே இல்லை. ஆதலின், ஒவ்வாமை உள்ளவர்களைத் தவிர மற்றவர்க்கு அது பெரிதும் தீங்கு செய்வதில்லை. கொல்லும் ஆற்றல் மட்டும் மருந்தாகாது. தேர்ந்து கொல்லும் ஆற்றலே மருந்து.

பூண்டை உண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். முழுப் பல்லைக் கொதிக்க வைத்தால் நொதி அழிந்துவிடுகிறது. அலிசின் உண்டாவதே அரிது. பச்சையாக மென்று விழுங்கினாலும், அலிசின் உடலுக்குள் விரைவில் சிதைந்து வேறு பொருள்களாகிவிடுகிறது. கண்ணாடித் தட்டில் கண்ட வெற்றி குருதியில் கிட்டுவதில்லை.

மாணவ நண்பர்களே, இஞ்சியோ வெங்காயமோ, எச்சாறும் கிருமியைக் கொல்லும் என்று கேள்விப்பட்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எங்கே கொன்றது? எவ்வளவில் கொன்றது? நம் உடலை என்ன செய்யும்? பூண்டு ரசத்தில் மணக்கட்டும். புண்ணை மருத்துவர் பார்க்கட்டும்.